ஒரு கமாவும் ஒரு நாற்காலியும்

பாகப்பிரிவினைக்கு நம் கிராமங்களில் ஒரு பழைய ஏற்பாடு உண்டு. பெரியவன் பங்கு பிரிக்க வேண்டும். சின்னவன் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். எந்த வக்கீலும் உட்கார்ந்து எழுதிய சட்டமில்லை. ஆனாலும் எத்தனையோ வெட்டுக்குத்தைத் தடுத்திருக்கிறது. மிஞ்சுவதுதான் தனக்கு என்று தெரிந்தால் பிரிக்கிறவன் வரப்பை ஒழுங்காகப் போடுவான், அவ்வளவுதான் சூட்சுமம். பிரிக்கிற கையும் எடுக்கிற கையும் ஒன்றாகிவிட்டால், கிணறு எந்தப் பங்கில் விழும் என்று ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை.

பிலிப்பைன்ஸில் 2009ம் வருஷம் அப்படியொரு பாகப்பிரிவினை நடந்தது. பிரித்தது நிலத்தை இல்லை. ஜனங்களை.

ஊரின் பெயர் காமரினெஸ் சூர். ஊர் என்றால் ஊரில்லை, ஒரு மாகாணம். லூசோன் தீவு தென்கிழக்கே வால் மாதிரி நீண்டு போகிறதல்லவா, அந்த வாலில் இருக்கும் பிகோல் பிராந்தியத்தைச் சேர்ந்தது. நெல், தென்னை, கடல். சமையலில் தேங்காய்ப்பாலும் மிளகாயும் தாராளமாகப் புரளும் என்பதால் நமக்குக் கொஞ்சம் ஒட்டுறவாகக்கூடத் தோன்றும். வருஷா வருஷம் புயல் வந்து கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும். தலைநகரம் பிலி. ஆனால் பெயர் பெற்ற நகரம் நாகா. செப்டம்பரில் பெனாஃப்ரான்சியா மாதா திருவிழாவுக்கு நாடே திரண்டு வருகிற இடம் அதுதான்.

2007 ஜனத்தொகைக் கணக்குப்படி இந்த மாகாணத்தில் 16,93,821 பேர். இவர்களுக்குப் பிரதிநிதிகள் சபையில் நான்கு உறுப்பினர்கள். நம் பாஷையில் நாலு எம்.பி., நாலு தொகுதி. இதை ஐந்தாக்க ஒரு சட்டம் வந்தது. குடியரசுச் சட்டம் 9716. ஜனாதிபதி குளோரியா மகபகல் அரோயோ 2009 அக்டோபர் 12ம் தேதி கையெழுத்துப் போட்டார்.

இதில் என்ன தப்பு, ஜனம் பெருகினால் தொகுதியும் பெருகத்தானே வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயம். ஆனால் எப்படிப் பெருக்கினார்கள் என்று பார்க்க வேண்டும். நான் படித்தது பி.காம். சட்டம் என்ன சொல்கிறது என்பதற்கு முன்னால் கூட்டல் கழித்தல் சரியாக வருகிறதா என்று பார்க்கிற புத்தி அதிலிருந்து வந்தது. வாருங்கள், பேரேட்டைப் பிரிக்கலாம்.

பழைய நாலு தொகுதிகளின் ஜனத்தொகை இது. முதல் தொகுதி 4,17,304. இரண்டாவது 4,74,899. மூன்றாவது 3,72,548. நாலாவது 4,29,070. சராசரி போட்டால் 4.23 லட்சம். ஆகக் குறைந்தது சராசரிக்கு 12 சதவீதம் கீழே. ஆக அதிகம் சராசரிக்கு 12 சதவீதம் மேலே. கிட்டத்தட்ட சம பங்கு. எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்.

இப்போது ஐந்தாவது ஒன்று வேண்டுமென்றால் எங்கே கத்தி வைப்பீர்கள்? இருப்பதிலேயே பெரிய தொகுதியில்தானே? அது இரண்டாவது தொகுதி. நாகா நகரமும் பிலியும் இருக்கிற தொகுதி. அதற்கடுத்தது நாலாவது. இவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமோ? நாலாவதைத் தொடவே இல்லை. இரண்டாவதிலிருந்து கைன்சா, மிலாவோர் என்று இரண்டே இரண்டு சின்ன ஊர்களைக் கிள்ளினார்கள். மொத்தம் 35,856 பேர். பெரிய வரிசையில் மூன்றாவதாக நின்ற முதல் தொகுதியைப் பிடித்து நடுவே அறுத்துவிட்டார்கள். அதிலிருந்து மட்டும் 2,40,921 பேர் வெளியே போனார்கள்.

அறுத்த பிறகு கணக்கு என்ன ஆயிற்று? புதிய முதல் தொகுதியில் டெல் கால்யெகோ, ரகாய், லூபி, சிபோகோட், கபுசாவ் என்று ஐந்து ஊர்கள். 1,76,383 பேர். வெட்டியெடுத்த ஊர்களையும் கிள்ளியெடுத்த ஊர்களையும் சேர்த்துக் கட்டிய புது இரண்டாவது தொகுதியில் 2,76,777 பேர். நாகா இருக்கும் தொகுதி மூன்றாவது என்று பெயர் மாறி 4,39,043 பேரோடு அப்படியே பருமனாக உட்கார்ந்திருக்கிறது. பழைய மூன்றும் நாலும் நம்பர் மட்டும் மாறி நாலும் ஐந்துமாயின.

ஐந்தால் வகுத்தால் ஒரு தொகுதிக்கு 3,38,764 பேர் வர வேண்டும். முதல் தொகுதி அதற்கு 48 சதவீதம் கீழே. மூன்றாவது 30 சதவீதம் மேலே. இன்னும் எளிமையாகச் சொல்கிறேன். முன்னே பெரிய தொகுதி சின்னத் தொகுதியைப் போல ஒன்றேகால் மடங்கு. இப்போது இரண்டரை மடங்கு. பிரதிநிதித்துவம் போதவில்லை என்று ஒரு வைத்தியம் பார்த்தார்கள். இருந்த சமத்துவமும் போச்சு.

சரி, யாருக்காக இந்த வைத்தியம்?

அந்த முதல் தொகுதியில் 2007ல் ஜெயித்தவர் டியோஸ்டாடோ அரோயோ. எல்லோருக்கும் 'டாட்டோ'. ஜனாதிபதியின் இளைய மகன். அம்மாவின் பூர்வீகம் பம்பாங்காவில் லுபாவோ. பிள்ளை பிகோலுக்கு வந்து எம்.பி. ஆனார். அவருக்கு முன்னால் அந்தத் தொகுதியை வைத்திருந்தவர் ரோலாண்டோ அண்டாயா ஜூனியர். அதற்கும் முன்னால் அவருடைய அப்பா. ஜூனியர் 2006ல் பதவியை விட்டுவிட்டு அரோயோ அரசில் பட்ஜெட் அமைச்சராகப் போனார். 2010ல் அவருக்குத் தன் பழைய தொகுதிக்குத் திரும்ப ஆசை. டாட்டோவுக்கோ மறுபடி நிற்க இன்னும் வாய்ப்பு பாக்கி இருந்தது.

இரண்டு பேர், ஒரு நாற்காலி. இந்த நெருக்கடியைத் தீர்க்கத்தான் இரண்டாவது நாற்காலி செய்தார்கள் என்று எதிர்ப்பாளர்கள் வெளிப்படையாகவே சொன்னார்கள். மனசுக்குள் யார் என்ன நினைத்தார் என்று நிரூபிக்க யாராலும் முடியாது. எனவே நடந்ததை மட்டும் சொல்கிறேன். 2010 மே தேர்தலில் முதல் தொகுதியில் அண்டாயா ஜெயித்தார். புது இரண்டாவது தொகுதியில் டாட்டோ ஜெயித்தார். நாற்காலிக்கு நாற்காலி, ஆளுக்கு ஆள் சரியாகப் போயிற்று.

(அதே தேர்தலில் அம்மா தன் ஜனாதிபதி பதவிக்காலம் முடிந்து, மூத்த மகன் மைக்கி வைத்திருந்த பம்பாங்கா தொகுதியில் நின்று எம்.பி. ஆனார். இடத்தை விட்டுக்கொடுத்த மைக்கி, வாட்ச்மேன்களின் பிரதிநிதியாக ஒரு கட்சிப் பட்டியல் வழியே சபைக்குள் வந்து சேர்ந்தார். ஒரு குடும்பத்துக்கு நாற்காலி எப்படியெல்லாம் கிடைக்கும் என்பதற்காகச் சொன்னேன். விஷயத்துக்கு வருவோம்.)

ஒரு எம்.பி. நாற்காலிக்கு இத்தனை அடிபிடி ஏன்? அன்றைய நிலவரத்தில் ஒவ்வொரு பிரதிநிதிக்கும் வருஷத்துக்கு 7 கோடி பெசோ தொகுதி நிதி உண்டு. 'போர்க் பேரல்' என்று அங்கே இதற்குச் செல்லப்பெயர். தொகுதி சின்னதோ பெரிதோ, தொகை ஒன்றுதான். முதல் தொகுதியில் 7 கோடியை வகுத்தால் தலைக்கு 397 பெசோ. மூன்றாவது தொகுதியில் 159. ஒரே மாகாணம், ஒரே பஜாரில் ஒரே விலைக்கு அரிசி. கோடு எந்தப் பக்கம் விழுந்தது என்பதைப் பொறுத்து இரண்டரை மடங்கு வித்தியாசம். இந்த நிதியே செல்லாது என்று 2013ல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட் அடித்துவிட்டது வேறு விஷயம். கோடு போட்ட காலத்தில் அது இருந்தது.

சும்மா இருப்பார்களா? இரண்டு பேர் கோர்ட்டுக்குப் போனார்கள். ஒருவர் நாகாவின் மேயர் ஜெஸ்ஸி ரொப்ரேடோ. நேர்மையான நகர நிர்வாகத்துக்காக 2000ல் மகசேசே விருது வாங்கியவர். இன்னொருவர் செனட்டர் மூன்றாம் பெனிக்னோ அகினோ. அடுத்த ஜனாதிபதித் தேர்தலில் நிற்கப்போவதாக அப்போதுதான் அறிவித்திருந்தார். அவர் கையில் பிடித்திருந்த 1987 அரசியல் சாசனம், அவருடைய அம்மா கொரசோன் அகினோ ஜனாதிபதியாக இருந்தபோது எழுதப்பட்டது. காகிதத்தில் எதிர்மனுதாரர் தேர்தல் ஆணையம். ஊர் பார்த்தது என்னவோ இந்தப் பக்கம் ஒரு அம்மாவின் சாசனத்தோடு ஒரு மகன், அந்தப் பக்கம் இன்னொரு அம்மாவின் கையெழுத்தோடு இன்னொரு மகன்.

வழக்கு எதில் போய் நின்றது தெரியுமா? ஒரு கமாவில்.

சாசனத்தின் ஆறாம் அத்தியாயம், ஐந்தாம் பிரிவில் ஒரு வாக்கியம் வருகிறது. குறைந்தது இரண்டரை லட்சம் ஜனத்தொகை உள்ள ஒவ்வொரு நகரத்துக்கும், அல்லது ஒவ்வொரு மாகாணத்துக்கும், ஒரு பிரதிநிதியாவது இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அகினோவும் ரொப்ரேடோவும் என்ன சொன்னார்கள் என்றால், இந்த இரண்டரை லட்சம்தான் ஒரு தொகுதிக்குக் குறைந்தபட்ச அளவு. சாசனம் எழுதிய 1986ல் நாட்டின் உத்தேச ஜனத்தொகை ஐந்தரைக் கோடி, தொகுதிகள் 200. அந்தக் கணக்கை ஒட்டித்தான் அந்த எண்ணே வந்தது. 1,76,383 பேருக்கு ஒரு தொகுதி என்பது சாசனத்துக்கு விரோதம்.

2010 ஏப்ரல் 7ம் தேதி தீர்ப்பு வந்தது. தேர்தலுக்கு 33 நாள் முன்னால். 9 பேர் ஒரு பக்கம், 5 பேர் மறுபக்கம். பெரும்பான்மை நீதிபதிகள் அந்த வாக்கியத்தைக் கையில் எடுத்து, நகரம் என்ற பகுதிக்கும் மாகாணம் என்ற பகுதிக்கும் நடுவே ஒரு கமா இருக்கிறது பாருங்கள் என்றார்கள். இரண்டரை லட்சம் என்ற நிபந்தனை கமாவுக்கு இந்தப் பக்கம் நகரத்தோடு நின்றுவிடுகிறது. மாகாணத்துக்கு அது கிடையாது. எனவே மாகாணத்துக்குள் புதிய தொகுதி அமைக்க இரண்டரை லட்சம் தேவையில்லை. சட்டம் செல்லும்.

இலக்கணப்படி பார்த்தால் நீதிபதிகள் சொன்னது சரிதான். நான் அதில் சண்டைக்கு வரவில்லை. அந்த வாக்கியத்தை எப்படித் திருப்பிப் போட்டுப் படித்தாலும் மாகாணத்துக்கு அந்த எண் ஒட்டாது. வழக்குப் போட்டவர்கள் தங்கள் மொத்த பாரத்தையும் இந்த இரண்டரை லட்சத்தின் மேலேயே சாய்த்ததுதான் வினை. ஒரே தூணில் பந்தல் போட்டார்கள். ஒரு கமா வந்து தூணைத் தட்டிவிட்டது.

என் சண்டை வேறு. அதே ஐந்தாம் பிரிவின் முதல் உட்பிரிவு என்ன சொல்கிறது? தொகுதிகளை மாகாணங்களுக்கும் நகரங்களுக்கும் ஜனத்தொகைக்கு ஏற்ப, ஒரே சீரான விகிதத்தில் பங்கிட வேண்டும் என்கிறது. இதில் கமாப் பிரச்னை எதுவும் இல்லை. சீரான விகிதம் என்றால் என்ன என்பதைப் பள்ளிக்கூடப் பையன்கூடச் சொல்லிவிடுவான். குறைந்தபட்ச எண் ஒன்று இல்லை என்பதால் அளவே இல்லை என்று ஆகிவிடுமா? சாப்பாட்டுப் பந்தியில் ஒரு இலைக்கு இத்தனை வடை என்று எழுதி வைக்காவிட்டால், ஒருவருக்கு இரண்டும் இன்னொருவருக்கு ஐந்தும் போடலாம் என்று அர்த்தமா?

எதிர்த்துத் தீர்ப்பெழுதிய நீதிபதி அந்தோனியோ கார்ப்பியோ இந்த இடத்தைத்தான் பிடித்தார். ஒவ்வொரு தொகுதியும் சராசரியிலிருந்து எத்தனை சதவீதம் விலகியிருக்கிறது என்று கணக்குப் போட்டு வைத்தார். ஓட்டுக்கு ஓட்டு சமம் என்பது ஜனநாயகத்தின் அஸ்திவாரம், அதில் கைவைக்கிறீர்கள் என்பது அவர் வாதம். படித்துப் பார்த்தால் ஒன்று தெரியும். பெரும்பான்மைத் தீர்ப்பு ஒரு வாக்கியத்தை நுணுக்கமாக வாசிக்கிறது. கார்ப்பியோ அந்தப் பிரிவு முழுவதையும் வாசிக்கிறார்.

பெரும்பான்மை இன்னொன்றும் சொன்னது. அதையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஜனத்தொகை மட்டுமே அளவுகோல் அல்ல. அந்த ஊர்களில் பேசுகிற பேச்சு வழக்கு, இயற்கை எல்லைகள், பழைய தொகுதியின் அளவு, நிலப்பரப்பைச் சமன் செய்வது என்று வேறு விஷயங்களும் உண்டு என்றார்கள். இதில் உண்மை இருக்கிறது. டெல் கால்யெகோ மாகாணத்தின் கடைக்கோடி. பிகோல் பேச்சோடு தகலோகும் புழங்குகிற பக்கம். தலையை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் கிராமத்தை நகரம் விழுங்கிவிடும் என்ற பயத்துக்கும் அர்த்தம் உண்டு. வெறும் 18 ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் பாட்டனேஸ் தீவுகளுக்கு ஒரு தனிப் பிரதிநிதி இருக்கிறார். அது தனி மாகாணம், கடல் நடுவே கிடக்கிறது. யாரும் ஆட்சேபிப்பதில்லை.

ஆனால் இந்த வாதம் இங்கே பொருந்துகிறதா? மூன்றாவது தொகுதி என்றால் நாகா மட்டுமா? சான் மிகுவேல் வளைகுடாவில் வலை வீசும் கலபங்கா மீனவரும் அதில்தான் இருக்கிறார். இசரோக் மலைக்கு அந்தப் புறம் ஒகாம்போவில் விவசாயம் பார்க்கிறவரும் அதில்தான். ரகாய் தென்னந்தோப்புக்காரரைவிட அவர்கள் எந்த விதத்தில் வசதியானவர்கள்? கிராமத்துக்குக் குரல் கொடுக்கிறோம் என்று சொல்லி, ஒரு கிராமத்தின் குரலை உயர்த்தி இன்னொரு கிராமத்தின் குரலை அப்படியே விட்டுவிட்டார்கள். பேச்சு வழக்கும் மலையும் ஆறும் கோடு போடும்போது கணக்கில் வரட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? 5 சதவீதம், 10 சதவீதம் அதற்காக விட்டுக்கொடுக்கலாம். 48 சதவீதத்துக்கு எந்த மலை, எந்த ஆறு பொறுப்பேற்கும்?

நிற்க. கதை இங்கே முடிந்திருந்தால் அரோயோவைத் திட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருக்கலாம். முடியவில்லை.

தீர்ப்பு வந்த அடுத்த மாதம் தேர்தலில் வழக்குப் போட்ட அகினோ ஜனாதிபதி ஆனார். ரொப்ரேடோ அவருடைய மந்திரிசபையில் உள்துறை அமைச்சர். இரண்டு மனுதாரர்களும் இப்போது அரசாங்கம். 2012 ஆகஸ்டில் மஸ்பாத்தே அருகே விமானம் கடலில் விழுந்து ரொப்ரேடோ இறந்துபோனார். 2013ல் அவர் மனைவி லெனி ரொப்ரேடோ அந்தப் பருமனான மூன்றாவது தொகுதியில் நின்று ஜெயித்து சபைக்குப் போனார். 2016ல் நாட்டின் துணை ஜனாதிபதியே ஆனார். அகினோ ஆறு வருஷம் ஆண்டுவிட்டு 2016ல் இறங்கினார்.

அந்த ஐந்து தொகுதிகள்? அப்படியே இருந்தன. அகினோ காலத்திலும் இருந்தன, அதற்குப் பிறகும் இருக்கின்றன. சட்டத்தை மாற்றுவது ஜனாதிபதி ஒருவரால் ஆகிற காரியமில்லை, ஒப்புக்கொள்கிறேன். காங்கிரஸ்தான் செய்ய வேண்டும். அந்தக் காங்கிரஸில் உட்கார்ந்திருப்பவர்கள் யார்? ஏற்கெனவே போட்ட கோடுகளுக்குள் ஜெயித்து வந்தவர்கள்.

விஷயத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. சாசனம் ஒரு வேலையைக் காங்கிரஸுக்கு ஒப்படைத்திருக்கிறது. ஒவ்வொரு ஜனத்தொகைக் கணக்கு வெளியான மூன்று வருஷத்துக்குள் நாடு முழுக்கத் தொகுதிகளைத் திருத்தி அமைக்க வேண்டும். 1990ல் ஆரம்பித்து 2020 வரை ஏழு முறை கணக்கெடுத்துவிட்டார்கள். ஒரு முறைகூட அந்த முழுத் திருத்தம் நடக்கவில்லை. அதற்குப் பதில் இங்கே ஒரு சட்டம், அங்கே ஒரு சட்டம் என்று சில்லறையாகத் தொகுதி பிறக்கிறது. 1987ல் 200 ஆக இருந்தவை 2022 தேர்தலில் 253. நடுவில் பிறந்தவற்றில் நியாயமான பிறப்புகள் நிறைய உண்டு. நகரங்கள் வீங்கிவிட்டன, கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் சில்லறைக் கணக்கில் ஒரு சௌகரியம் இருக்கிறது. மொத்தப் பேரேட்டையும் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. எந்தத் தொகுதியை எப்போது பிரிப்பது, எந்த ஊரை எந்தப் பக்கம் தள்ளுவது என்பதை, அந்தத் தொகுதியில் ஆசை வைத்தவரே முன்மொழியலாம். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். நாளைக்கு அவர்களுக்கும் ஒரு கோடு தேவைப்படுமே.

எனக்குக் கோபம் டாட்டோ அரோயோவின் மேல் இல்லை. அவர் இல்லாவிட்டால் இன்னொரு வீட்டுப் பிள்ளை. காமரினெஸ் சூரில் வீடுகளுக்கா பஞ்சம்? 2013ல் அங்கே ஆளுநர் பதவிக்குத் தாத்தாவும் பேரனும் நேருக்கு நேர் மோதினார்கள். வில்லாஃபுவெர்ட்டே குடும்பம். பேரன் ஜெயித்தார். இப்படிப்பட்ட இடத்தில், கோடு போடுகிற கோலை எம்.பி.க்கள் கையிலேயே கொடுத்துவைத்து, நல்ல கோடாகப் போடுங்கள் என்று வேண்டிக்கொள்வது என்ன ஏற்பாடு? ஆசையில்லாத ஒரு தனி அமைப்பிடம் அந்தக் கோலைக் கொடுக்க வேண்டும். இல்லை, காங்கிரஸ்தான் போடுவேன் என்றால், சாசனம் சொன்னபடி நாடு முழுக்க ஒரே சமயத்தில் போட வேண்டும். அப்போது ஒருவரின் லாபம் இன்னொருவரின் நஷ்டமாக அங்கேயே தெரிந்துவிடும். ஆளுக்கு ஆள் கண்காணிப்பார்கள்.

கோர்ட் இதைச் சொல்லியிருக்கலாம். அதற்கு ஒரு சந்தர்ப்பம் கையில் வந்து விழுந்தது. சீரான விகிதம் என்றால் இத்தனை சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்று ஒரு வரம்பு கட்டியிருந்தால், பிறகு வந்த ஒவ்வொரு தொகுதிச் சட்டமும் அந்த வரம்புக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கும். அதை விட்டுவிட்டு மாகாணத்துக்குக் குறைந்தபட்ச எண் இல்லை என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

ஏதாவது ஒரு தேசத்தில், ஏதாவது ஒரு கிராமத்து மாகாணத்தில் புதுத் தொகுதி என்று செய்தி படித்தால், ஜனங்களுக்கு இன்னொரு பிரதிநிதி கிடைத்தார் என்று உடனே சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். ஒரு பேப்பரும் பென்சிலும் எடுங்கள். பிரிப்பதற்கு முன்னால் தொகுதிகளின் ஜனத்தொகை, பிரித்த பிறகு ஜனத்தொகை, இரண்டையும் எழுதுங்கள். இடைவெளி குறைந்ததா, கூடியதா? கோடு போட்டவர் யார், அந்தப் பங்கை எடுத்துக்கொண்டவர் யார்? ஐந்து நிமிஷ வேலை. பி.காம். கூட வேண்டாம்.

2010 மே 10ம் தேதி கலபங்கா மீனவர் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார். ரகாய் தென்னந்தோப்புக்காரரும் போட்டார். ஜனத்தொகைக் கணக்கில் பார்த்தால், மீனவரின் ஓட்டுக்கு மதிப்பு மற்றவர் ஓட்டில் ஐந்தில் இரண்டு பங்குதான். மீனவருக்கு யாரும் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். அன்றைக்கும் வெயிலில் நின்றுதான் போட்டிருப்பார்.